தண்ணீர் நின்றதற்குக் காரணம் நான்

போன சனிக்கிழமை எங்கள் அடுக்குமாடியில் தண்ணீர் நின்றுபோனது. குழாய் உடையவில்லை. மோட்டார் பழுதாகவில்லை. வறட்சியும் இல்லை – முந்தைய நாள் எங்கள் ஜெலுத்தோங் வட்டாரத்தில் அடித்த மழையில் என் குடையே பிய்ந்துபோனது.

பிறகு ஏன் நின்றது? நான்தான் நிறுத்தினேன். நாற்காலியை விட்டு எழாமல், விசைப்பலகையில் ஒரு தட்டு தட்டி.

விவரம் சொல்கிறேன். எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு மாடி, எண்பத்து நான்கு வீடு, இரண்டு லிஃப்ட், உச்சியில் ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி. (எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.) தண்ணீர் ஏற்றும் மோட்டார் காலையிலும் மாலையிலும் மட்டும் ஓடும். நடுவில் தொட்டி காலியானால் அதை முதலில் அறிபவர், தலையில் ஷாம்பு நுரையோடு நிற்பவர்தான்.

இந்தத் தொல்லைக்காக ஒரு கருவி செய்து வைத்தேன். தீப்பெட்டி அளவு. தொட்டி மூடியின் அடியில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மட்டம் இறங்கினால் குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு எச்சரிக்கை அனுப்பும். மலாயில் ஒன்று, சீனத்தில் ஒன்று, தமிழில் ஒன்று.

வைத்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போனது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்குமா? மைனா வயரைக் கொத்துமா? பேட்டரி தாங்குமா?

“நம்ம பிள்ளைங்களக்கூட நீங்க இப்படிப் பாத்துக்கல,” என்றாள் என் மனைவி லெட்சுமி.

காரணம் இருக்கிறது. இந்த வயதிலும் நான் பாயான் பாருவில் ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறேன் – வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்து. நான் எழுதுவது எந்த நாட்டிலோ, எந்த இயந்திரத்துக்குள்ளோ போய் ஓடுகிறது. அதைப் பயன்படுத்தும் ஒரு மனிதரைக்கூட இத்தனை வருடங்களில் நான் பார்த்ததில்லை. இந்தத் தொட்டி விஷயம் வேறு. இதைப் பயன்படுத்துகிறவர்களோடு நான் லிஃப்ட்டில் போகிறேன்!

ஆனால் கருவியைச் சோதனை முயற்சியாகத்தான் அனுமதித்திருந்தார்கள். வைத்துக்கொள்வதா, கழற்றிவிடுவதா என்று ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பாளர் கூட்டத்தில் முடிவு. கழற்று என்று சொல்லிவிட்டால்...

அதனால் சனிக்கிழமை காலை, கடைசியாக ஒரு சோதனை செய்ய உட்கார்ந்தேன். என் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் – நாலு பேருக்குக் காட்டப்போகும் நாளுக்கு முதல் நாள் எதையும் தொடக் கூடாது. எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தொடுவோம்.

சோதனைக்கென்று தனியாக ஒரு குழு உண்டு. மூன்றே உறுப்பினர்கள் – நான், லெட்சுமி, என் பழைய கைப்பேசி. ‘தண்ணீர் தீரப் போகிறது, பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு பொய் எச்சரிக்கையை அந்தக் குழுவுக்கு அனுப்பினேன். அனுப்பியதாக நினைத்தேன். எந்தக் குழுவுக்குப் போக வேண்டும் என்ற இடத்தில் பெயரை மாற்ற மறந்திருக்கிறேன். எண்பத்து நான்கு வீட்டுக்கும், மூன்று மொழியிலும், ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

முதலில் சுவருக்குள் ஒரு சத்தம். குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம். பிறகு கட்டடம் முழுக்க அதே சத்தம்.

“என்னங்க, தண்ணி நிக்கப் போகுதாம். அந்த வாளிய எடுங்க!”

“அது சும்மா டெஸ்ட். நான்தான் அனுப்பினேன்.”

“டெஸ்ட்டோ என்னவோ... எல்லாரும் புடிக்கிறாங்க. நம்ம மட்டும் பாத்துக்கிட்டு இருந்தா சுசாலா, கஷ்டம் நமக்குத்தான். எடுங்க!”

எடுத்தேன். என் பொய்யை மதித்து நானே இரண்டு வாளி பிடித்தேன்.

பிறகுதான் புத்தி வந்தது. ‘அது சோதனைச் செய்தி, மன்னிக்கவும்’ என்று குழுவில் போட்டேன். யார் பார்ப்பது? எல்லோரும் குளியலறையில். சற்று நேரத்தில் என் மன்னிப்புக்குக் கீழே இன்னொரு செய்தி – ‘தண்ணீர் தீரப் போகிறது.’ இதை நான் அனுப்பவில்லை. கருவியே அனுப்பியது. இத்தனை வீடும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் தொட்டி என்னதான் செய்யும்?

மதியத்துக்குள் தொட்டி காலி. கருவி சொன்னது சொன்னபடி நடந்தது. பெருமைப்படுவதா, கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வதா?

மாலையில் மோட்டார் ஓடிய பிறகுதான் கீழே இறங்கத் துணிந்தேன். லிஃப்ட்டில் ஐந்தாம் மாடி பிலோமினா ஏறினார். விசேஷங்களுக்கு வீட்டிலேயே சமைத்துக் கொடுப்பவர்.

“அண்ணே, உங்க மெஷின் இல்லன்னா இன்னிக்கு நான் செத்தேன்லா! நாளைக்கு ஒரு ஞானஸ்நான விருந்துக்கு ஆர்டர். ரெண்டு அண்டா நிறைய புடிச்சு வெச்சிட்டேன்.”

“இல்லம்மா, அது வந்து...”

“நடுவுல நீங்க வேற சாரின்னு போட்டு எங்களைக் குழப்பிட்டீங்க. மெஷினுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலயே!”

அப்போதுதான் புரிந்தது. எச்சரிக்கை சரி, என் மன்னிப்புதான் தவறு என்று கட்டடமே முடிவு செய்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தலைவர் குமரேசன் எழுந்ததும், “அண்ணனுக்கு ஒரு கைதட்டு!” என்றார். தட்டினார்கள். சும்மா இருந்தால் போதும், கருவி நிரந்தரம். ஆனால் நாளைக்கே நான் ‘பயப்பட வேண்டாம்’ என்று போட்டால் யார் நம்புவார்கள்? எழுந்து நடந்ததைச் சொன்னேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “அப்ப நாங்க சும்மாவா புடிச்சோம்?”

சிரிப்பு. பன்னிரண்டாம் மாடிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

“உங்களுக்குச் சிரிப்புதான். கீழ எல்லாரும் திறந்துவிட்டதுல மேல எங்களுக்கு முகம் கழுவக்கூட தண்ணி வரலண்ணே. அம்மாவைத் தூக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன், குளிப்பாட்ட.”

மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை நேரில்.

“கழற்றிடுவமா?” என்று குமரேசன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“மெஷின் என்னா தப்பு பண்ணுச்சு?” என்றார் பிலோமினா. “அது இருக்கட்டும். அண்ணன் கையத்தான் கொஞ்சம் கட்டி வைக்கணும்.”

முடிவு இதுதான் – கருவி இருக்கும். ஆனால் நான் கையால் அனுப்பும் எதையும், மாற்றும் எதையும் பிலோமினா பார்த்து ‘சரி’ சொல்ல வேண்டும். கைகள் உயர்ந்தன. எண்ணினேன். முப்பத்தொன்று. கடைசியாக உயர்ந்தது பன்னிரண்டாம் மாடிக்காரரின் கை.

அலுவலகத்திலும் இதே விதிதான். இன்னொருவர் பார்க்காமல் ஒரு வரிகூட வெளியே போகாது. அதற்காக நான் முணுமுணுக்காத நாள் இல்லை. வீட்டில் கேட்க ஆள் இல்லை என்ற சுதந்திரத்தில்தான் இந்தக் கூத்து. புதுக் கருவி வாங்கும்போது, இதை நம்பலாமா என்று கேட்கிறோம். வாங்குகிறவரை நம்பலாமா என்று யாராவது கேட்கிறோமா?

நேற்று, தொட்டி கழுவும் நாள் பற்றிய அறிவிப்பை பிலோமினாவுக்கு அனுப்பினேன். உடனே குரல் செய்தி வந்தது: “என்னண்ணே, கோர்ட்டு சம்மன் மாதிரி இருக்கு? முதல்ல வணக்கம் சொல்லுங்க. தண்ணி மறுபடி எப்ப வரும்னு போடுங்க, அதத்தானே எல்லாரும் கேப்பாங்க!”

இரண்டையும் சேர்த்தேன். ‘சரி’ வந்தது. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம்.

என் வேலையில் பிழை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவர்கள் நிறையப் பேர். கூடவே ஒரு கிண்ணம் பாயாசமும் அனுப்பியவர் இவர் ஒருவர்தான்!