மரகதத்தை எழுப்பினார்கள்

மயிலாப்பூரிலிருந்து சாந்தோம் பக்கம் இறங்கும் சந்துகளில் ஜொவிட்டாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாதிப் பேருக்கு அவள் டீச்சர். இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்காமல் அவளிடம் காது திருகு வாங்கியவர்கள் இன்று பெருங்குடியில் மானேஜர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். மீதிப் பேருக்கு அவள் மரகதம். ‘கூட்டுச்சுவர்’ என்ற தொலைக்காட்சித் தொடரில், தம்பிமார் இருவரும் வீட்டின் நடுவே சுவர் எழுப்பிவிட, அதற்கு அந்தப் பக்கம் கட்டிலில் கிடந்தபடியே செத்துப்போன அக்கா மரகதம். ஜொவிட்டா நடித்தது அந்த ஒரு தொடரில்தான். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அதை எழுதி இயக்கியவர் ராயப்பேட்டை பஞ்சாட்சரம். படப்பிடிப்புக்குப் பள்ளிக்கூட வராந்தாவைக் கேட்க வந்த மனுஷன், தலைமையாசிரியைக்காகக் காத்திருந்த நேரத்தில், ஜொவிட்டா ஒரு பையனைத் திட்டாமல் கொள்ளாமல் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்தார். பையன் தானாக அழ ஆரம்பித்தான். “வராந்தா வேணாம், இந்தம்மா வேணும்” என்று சொல்லிவிட்டார். தவக்காலத்தில் பங்குக் கோவில் நாடகத்தில் அழுகிற பெண்கள் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றதைத் தவிர ஜொவிட்டாவுக்கு நடிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாததுதான் நல்லது என்றார் பஞ்சாட்சரம். மற்ற தொடர்களில் ஒரு கதவு திறந்தால் மூன்று முறை இடி இடிக்கும், நாலு பேர் முகத்தை மாறி மாறிக் காட்டுவார்கள். அவர் தொடரில் கதவு திறந்தால் கதவுச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

மரகதம் ஒரு மத்தியான வேளையில் சாகிறாள். வசனம் இல்லை, வயலின் இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் தம்பி வீட்டுக் குக்கர் விசில் அடிக்கிறது. யாரோ அடுப்பைத் தணிக்கிறார்கள். இலை போடுகிறார்கள். அக்காவின் மூச்சு நின்றது தெரியாமல், ரசத்தில் உப்புப் போதவில்லை என்று புருஷனும் பெண்டாட்டியும் சண்டை பிடிக்கிறார்கள். அவ்வளவுதான், தொடர் முடிந்தது. இன்னும் ஆறு மாதம் இழுக்கச் சொல்லித் தொலைக்காட்சிக்காரர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். முடிந்தது முடிந்ததுதான் என்று பஞ்சாட்சரம் எழுந்து போய்விட்டார்.

அதற்கு மறு வாரம் மீன்கார முத்தம்மா ஜொவிட்டா வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். அடையாற்றங்கரைக் குடிசையில் இருந்தவள். குடிசைகளைக் காலி செய்து எல்லாரையும் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பிய பிறகும், முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து கரையில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து, இதே தெருக்களில்தான் விற்பாள். அவளுடைய ஒரே பெண் தமிழ்நிலா, ஜொவிட்டாவிடம் இரண்டாம் வகுப்புப் படித்தவள், அந்த வருஷம்தான் காய்ச்சலில் போயிருந்தாள். பெண்ணைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட முத்தம்மா அழவில்லை. கல்லாட்டம் இருந்தாள் என்று ஊரே பேசிக்கொண்டது.

“எல்லா நாடகத்துலயும் செத்தவ மறு வாரமே வந்து நிக்கிறா டீச்சர்” என்றாள் முத்தம்மா. “கடல்ல வுழுந்தவ வர்றா, நெருப்புல போனவ வர்றா. நீயும் வந்துருவேன்னு மறுநாளு அதே நேரத்துக்கு டிவி முன்னாடி குந்திகினு இருந்தேன். வேற நாடகம் போட்டுட்டான். அப்பதான் எம்பொண்ணும் வரமாட்டான்னு வெளங்குச்சு. அன்னிக்குத்தான் அழுதேன்.”

பங்குக் கோவிலில் சால்வை போட்டார்கள். பத்திரிகையில் படம் வந்தது. எதுவும் ஜொவிட்டாவின் மனதில் ஒட்டவில்லை. முத்தம்மா சொன்னது மட்டும் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு மரகதம் செத்தது அவளுக்கு வெறும் கதை இல்லை. முத்தம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. மரகதம் செத்தவளாகவே இருக்க வேண்டும். இருந்தால்தான் முத்தம்மா அழுத அழுகைக்கு மரியாதை.

பஞ்சாட்சரம் உயிரோடு இருந்தவரை ஒருவனும் ‘கூட்டுச்சுவர்’ மேல் கை வைக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்ததுதான் தாமதம், ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் கிளைக்கதை ஒன்று வந்தது. சுவர் எழுப்பச் சொன்ன தம்பி மனைவி தேவானைக்கென்று தனித் தொடராம். மூலக் கதையில் அவள் அதட்டிக்கூடப் பேசமாட்டாள். “அக்காவுக்குத் தனியா ஒரு டம்ளர் வெச்சிருக்கேன்” என்று அவள் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு வீடு வீடாகப் பல்லைக் கடித்தார்கள். அப்பேர்ப்பட்ட தேவானையை இவர்கள் பட்டுப் புடவை கட்டிவிட்டுச் சமையல் போட்டியில் வழுக்கி விழ வைத்தார்கள். விழும்போதெல்லாம் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. ஜொவிட்டா இரண்டு நாள் பார்த்தாள், மூன்றாம் நாள் தொலைக்காட்சியின் மேல் துணியைப் போட்டு மூடினாள். பிறகுதான் ‘கூட்டுச்சுவர் பாகம் இரண்டு’ என்று தி. நகரிலிருந்து போன் வந்தது.

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அறை. ஸ்ரீகிருஷ்ணா என்ற பையன், கதைப் பிரிவுக்குத் தலைவனாம், எழுந்து நின்று நாற்காலி இழுத்துப் போட்டான். காபி வரவழைத்தான். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

“ஆன்ட்டி, மரகதம் சாகவே இல்ல. தம்பிங்களுக்குப் பாடம் புகட்ட, செத்த மாதிரி நடிச்சாங்க. எப்பிடி இருக்கு?”

ஜொவிட்டா காபியைக் கீழே வைத்தாள். “மூச்சு நின்னதே தம்பி?”

“அடக்கிக்கிட்டாங்க. சின்ன வயசுல யோகா கத்துக்கிட்ட மாதிரி ஒரு ஃப்ளாஷ்பேக் வெச்சிருக்கோம்.”

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு தம்பிகளை வளர்த்து ஆளாக்கி, ஒரு வார்த்தை குறை சொல்லாமல் செத்தவளை, மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்து வேவு பார்த்தவளாக ஆக்குகிறான். செத்தவள் வாயில் வாய்க்கரிசிக்குப் பதில் சுவிங்கம் போடுகிறவன் இவன் என்று ஜொவிட்டா நினைத்தாள்.

“அது நல்ல கதை தம்பி. முடிஞ்சதாலதான் நல்ல கதை. கறந்த பால் மடி புகாதுப்பா.”

“அப்பிடிச் சொல்லாதீங்க ஆன்ட்டி. பழைய தொடர் இருக்கிறதே எங்க வயசுப் பசங்களுக்குத் தெரியாது. இது ஓடினா அதையும் தேடிப் பார்ப்பாங்க. நாங்க அதைக் கெடுக்கல, வாழ வைக்கிறோம்.”

ஒரு நிமிஷம் அவளுக்கே அது நியாயம் போலப் பட்டது. உடனே முத்தம்மா ஞாபகம் வந்தது. “நான் நடிக்க மாட்டேன்” என்று எழுந்தாள். “வேற யாரையாவது போட்டும் எடுக்காதீங்க. மரகதத்தை விட்டுடுங்க.”

“உங்க இஷ்டம் இல்லாம உங்களை வெச்சு ஒரு ஷாட்கூட எடுக்க மாட்டோம் ஆன்ட்டி” என்று அவன் லிஃப்ட் வரைக்கும் வந்து சொன்னான். அவன் முகத்தைப் பார்த்து அவள் நம்பினாள். இத்தனை வருஷம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்தவள், இங்கே ஏமாந்தாள்.

தொடர் ஆரம்பித்த அன்று சாயங்காலம், துணியை விலக்கித் தொலைக்காட்சியைப் போட்டவர் அவள் கணவர் லியோனார்ட். பழைய சாவுக் காட்சியில்தான் தொடங்கினார்கள். அதே கட்டில், அதே மத்தியான வெளிச்சம். குக்கர் விசிலைக் காணோம். அந்த இடத்தில் வயலின் அழுதது. பிறகு மூன்று இடி. மரகதம் கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். நேராகக் கேமராவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள்.

“இது எப்ப எடுத்தாங்க? நல்லாத்தான் சிரிச்சிருக்க” என்றார் லியோனார்ட்.

ஜொவிட்டாவுக்கு உடம்பு கூசியது. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். பிணமாக நடித்தவர்கள் காட்சி முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போக வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். சாவு நிஜமாக ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, திருஷ்டி கழிக்க, படப்பிடிப்பில் அது வழக்கம். சாவுக் காட்சியை எடுத்த அன்று, படப்பிடிப்பு நடந்த சிந்தாதிரிப்பேட்டை வாடகை வீட்டில் ஜொவிட்டா தயங்கினாள், கிறிஸ்தவச்சிக்கு இதெல்லாம் எதற்கு என்று. லைட்காரர் அக்பர் பாஷா கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். “சிரிச்சிடுங்கம்மா, இல்லாட்டி பாஷா லைட்டைத் தூக்க மாட்டார்” என்றார், இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாத பஞ்சாட்சரம். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். அவள் சிலுவை போட்டுக்கொண்டு சிரித்தாள். காட்சி சரியாக வந்துவிட்ட சந்தோஷத்தில் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டாள். அது மரகதத்தின் சிரிப்பே இல்லை, ஜொவிட்டாவின் சிரிப்பு. ஒருவரும் பார்க்கப் போவதில்லை என்று சிரித்த சிரிப்பு. குப்பைக் கூடையைக் கிளறுவது போலப் பழைய படப்பதிவுகளைக் கிளறி அதை எடுத்து, இடி முழக்கத்தோடு ஊருக்கே பந்தி வைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், பாடற்குழு ஷெரில் ஓடிவந்து கையைப் பிடித்தாள். “ஆன்ட்டி, செம கம்பேக்.” பின்னால் நின்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒரு ஆள்கூட, பழைய முடிவு என்னவாயிற்று என்று கேட்கவில்லை. ரசத்தில் யார் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இந்த ஜனங்கள் குடித்துவிட்டு இன்னும் ஒரு கை கேட்பார்கள் என்று ஜொவிட்டாவுக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் ஸ்ரீகிருஷ்ணா போன் செய்தான். மன்னிப்புக் கேட்பான் என்று எடுத்தாள்.

“ஆன்ட்டி, அந்த ஒரு சிரிப்பு! பிச்சிக்கிட்டுப் போகுது. நீங்க நேர்ல வந்து நடிச்சாத்தான் மேல கொண்டுபோக முடியும். உங்களுக்கு மரகதம் சாகணும், அவ்வளவுதானே? கடைசியில சாகடிச்சிடலாம். முன்ன மாதிரி சப்புன்னு இல்லாம கிராண்டா பண்ணலாம்.”

ஜொவிட்டா வாழ்க்கையில் யாரையும் கெட்ட வார்த்தை சொன்னதில்லை. “எச்சில் இலையைக் கழுவிப் பந்தி போடுறப்பா நீ. என் வாயில நல்ல வார்த்தை வராது, போனை வை” என்றாள். அதற்கு மேல் செய்ய அவளிடம் ஒன்றும் இல்லை.

அந்த வாரம் பூராவும் முத்தம்மா தெருப்பக்கம் வரவில்லை. வந்தபோது வழக்கம் போல உள்ளே வந்து உட்காரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே கூடையை இறக்கினாள். “சங்கரா கீது. வோணுமா?”

ஜொவிட்டா வெளியே போய் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். நடிக்க மறுத்தது, பழைய சிரிப்பு, பூசணிக்காய், எல்லாவற்றையும் சொன்னாள். வகுப்பில் பிடிபட்ட பிள்ளை மாதிரி ஒன்றுக்கு இரண்டு தரம் சொன்னாள். முத்தம்மா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டே கேட்டாள்.

“நீ பொய் சொல்லமாட்ட டீச்சர், அது எனக்குத் தெரியும்” என்றாள். “மொதல்ல எங்களப் பாத்துத்தான் சிரிக்கிறியோன்னு இருந்துச்சு. அழுதுச்சுங்களே பைத்தியக்காரிங்கன்னு.”

“ஐயோ, இல்ல முத்தம்மா.”

“பக்கத்து வூட்டுப் பொம்பளைங்கல்லாம் கைதட்டுச்சுங்கோ. நானும் தட்டுனேன்.” கத்தி ஒரு மீனின் மேல் நின்றது. “அப்புறம் எங்கூட்டுக்கு வந்து படுத்தேன். கதவுக்குத் தாப்பா போடல. அன்னிலேருந்து போடவே இல்ல. சீரியல் வேற, நம்ம சமாச்சாரம் வேறன்னு புத்திக்குத் தெரியுது. ஆனா கை தாப்பாகிட்ட போவமாட்டேங்குது. ஒருவேள வந்து தட்டி, நான் அசந்து தூங்கிட்டன்னா இன்னா பண்றதுன்னு.”

ஜொவிட்டா பஞ்சாட்சரத்தை நினைத்தாள். ஒரு வசனமும் இல்லாமல், ஒருவர் மனதும் கிழியாமல், அந்த மனுஷன் சொல்லிவிட்டுப் போனதை இந்தப் பாவிகள் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். இனி அதை ஒருத்தி வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும், இந்தத் தாயின் முகத்துக்கு நேராக. செதில் ஒட்டிய அந்தக் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

“அவ வரமாட்டா முத்தம்மா. தாப்பா போட்டுட்டுப் படு.”