பல்கனியில் கேட்ட இருமல்

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் என் அடுத்த வீட்டு ஐயா, மாலையானால் பல்கனியில் நின்று கடலைப் பார்த்தபடி சிகரெட் பிடிப்பார். வெள்ளை மீசையின் நுனி மட்டும் மஞ்சள். கீழே ரயில் கூவிக்கொண்டு போனாலும் திரும்பமாட்டார்.

காது மந்தமானதில் சிகரெட்டுக்கும் பங்குண்டு என்று டொக்டர் சொன்னாராம். ஐயா காதுக்கு மெஷின் பூட்டிக்கொண்டார், சிகரெட்டை விடவில்லை.

மெஷின் பூட்டிய அன்று மாலை, உள்ளே அவர் மனைவி இருமினார். பக்கத்துப் பல்கனியில் நின்ற என்னிடம் ஐயா கேட்டார்:

“தம்பி, இவ எவ்வளவு காலமா இப்பிடி இருமுறா?”

மூன்று வருடமாகச் சுவர் வழியே அதைக் கேட்டுவந்த நான், “இப்பதான் ஐயா, சளித் தடிமனாக்கும்” என்றேன்.

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தார். கையில் சிகரெட் இல்லை. கடலுக்கு முதுகைக் காட்டி, வீட்டுக்குள் காது கொடுத்தபடி நின்றார்.