மலர்க்கொடி அக்காவின் சன்னல்

பெரம்பலூர் கடைவீதியில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. கீழே கடை, மேலே குடோன், அதற்கும் மேலே செல்போன் டவர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கொஞ்சம் வசதி வந்தவர்கள் எளம்பலூர் சாலைப் பக்கம் ஏதாவதொரு நகரில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கவும் வண்டியைக் கிளப்ப வேண்டும். நானும் அப்படிப் போன புத்திசாலிகளில் ஒருவன்தான். காலையில் வந்து ஸ்டேஷனரி கடையைத் திறப்பேன், இருட்டியதும் பூட்டிவிட்டுப் போவேன். போகாமல் இருப்பவர் என் கடைக்கு நேர் எதிர் மாடியில் இருக்கும் மலர்க்கொடி அக்கா.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்காவுக்கு அந்த மாடிதான். கணவர் இருந்தவரை கீழே பாத்திரக்கடை நடத்தினார். இப்போது அதில் ஒரு செருப்புக்கடை வாடகைக்கு இருக்கிறது. அக்கா மேலே ஜாக்கெட் தைக்கிறார். அதற்குப் போர்டு கிடையாது. வேப்பந்தட்டையிலிருந்தும் லப்பைக்குடிக்காட்டிலிருந்தும் பஸ் ஏறி வரும் பெண்களுக்கு அடையாளமே தெருவைப் பார்த்த அந்த ஒற்றைச் சன்னல்தான். கீழே நின்று குரல் கொடுத்தால் சன்னலில் அக்காவின் தலை தெரியும். தலையசைத்தால் மேலே ஏறலாம். விரலை ஆட்டினால் வேலை முடியவில்லை, காய்கறி வாங்கிக்கொண்டு வா என்று அர்த்தம். தையல் மிஷின் அந்தச் சன்னலோரம்தான் கிடக்கும். நூலைத் துணியோடு வைத்துப் பார்க்கப் பகல் வெளிச்சம் வேண்டும், டியூப்லைட்டில் மெரூனும் அரக்கும் ஒன்றாகத்தான் தெரியும் என்பார்.

அக்கம்பக்கத்து வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி இடித்து, நான்கு மாடி ஜவுளிக்கடை கட்டியவர் ராசாங்கம். அக்கா வீடு மட்டும் சிக்கவில்லை. நேரில் கேட்டார், ஆள் விட்டுக் கேட்டார், கடைசியில் அக்காவின் மகன் சுரேஷ்குமாரைப் பிடித்தார். சுரேஷ்குமாருக்கு அரியலூர்ப் பக்கம் ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை வேலை. குடும்பமும் அங்கேதான். இந்தச் சத்தத்திலும் புகையிலும் எப்படி இருக்கிறாய், வீட்டைக் கொடுத்துவிட்டு என்னோடு வந்துவிடு என்று அவனும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். சிமெண்ட் தூசியில் நின்றுகொண்டு இவன் எனக்குப் புகையைப் பற்றிச் சொல்கிறான் என்று அக்கா சிரிப்பார்.

போன தீபாவளிக்கு முந்தின மாதம், தங்கை வீட்டுக் காதுகுத்துக்கு வேப்பந்தட்டை போய்விட்டு அக்கா திரும்பி வந்தார். கையில் பையோடு தெருவிலேயே நின்றுவிட்டார். மாடியின் முன்பக்கம் முழுவதையும் ராசாங்கம் கடையின் தீபாவளி ஃபிளெக்ஸ் பேனர் மூடியிருந்தது. பட்டுப்புடவையும் கழுத்து நிறைய நகையுமாக ஒரு பெண் அதில் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் சரியாகச் சன்னல் மேல் இருந்தது. ஆட்கள் கட்டும்போதே நான் போய்க் கேட்டேன். மகன் போனில் சம்மதம் சொல்லிவிட்டான் என்றார்கள்.

அன்று பட்டப்பகலில் அக்கா வீட்டில் லைட் போட வேண்டியிருந்தது. மகனுக்குப் போன் போட்டிருக்கிறார். தீபாவளி முடிந்ததும் கழற்றிவிடுவார்கள், அதுவரை இங்கே வந்து ஓய்வாக இரு என்றானாம். தீபாவளி சமயத்தில் ஜாக்கெட் தைக்கிறவரை ஓய்வெடுக்கச் சொல்லும் பிள்ளையை என்னவென்று சொல்வது? கேட்ட எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் பாப்பாயி வந்தாள். அக்காவிடம் வருஷக்கணக்காகத் தைப்பவள். அண்ணாந்து பார்த்துவிட்டு நேராக என் கடைக்கு வந்து, அக்கா வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய்விட்டாரா என்று கேட்டாள். அவளுக்கு முன்னால் எத்தனை பேர் கேட்காமலே திரும்பிப் போனார்களோ. அவளை மாடிக்கு அழைத்துப் போய், கேட்டதை அக்காவிடம் அப்படியே சொன்னேன். அக்கா மிஷினிலிருந்து எழுந்தார். என்னோடு கீழே இறங்கி வந்து, பேப்பர் வெட்டும் கட்டர் ஒன்று கேட்டார்.

"மேல கத்திரி இருக்கேக்கா?" என்றேன்.

"துணி வெட்டுற கத்திரிய இந்தக் கருமத்துல வச்சா முனை மழுங்கிப் போயிரும், தம்பி."

நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். பட்டுப்புடவைக்காரியின் நெற்றியில் முதலில் கட்டரின் முனை எட்டிப் பார்த்தது. சன்னல் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டுகிற நிதானத்தில் அக்கா சுற்றிலும் அறுத்துக்கொண்டு வந்தார். முகம் கழன்று உள்ளே போனது. அந்த இடத்தில் மூக்குக்கண்ணாடியும் தோளில் அளவு டேப்புமாக அக்காவின் தலை தெரிந்தது. கீழே அத்தனை நகையும் அவர் போட்டுக்கொண்ட மாதிரியே இருந்தது. கரும்புச்சாறுக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு தெருவே செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தது. அக்கா யாரையும் கவனிக்காமல் நூல் கோக்க உட்கார்ந்துவிட்டார்.

ராசாங்கம் அவரே படியேறிப் போனார். எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை, பின்னாலேயே போனேன். போலீசுக்குப் போவேன் என்றார் அவர்.

"போங்க. உங்க பேனரு என் சன்னல மூடிருந்துச்சு, நான் சன்னலத் தொறந்தேன். அங்கயும் இதத்தான் சொல்லுவேன்," என்றார் அக்கா. மிஷின் நிற்கவே இல்லை.

ராசாங்கம் போலீசுக்குப் போகவில்லை. சுரேஷ்குமாருக்குப் போன் போட்டார். சாயங்காலமே அவன் பைக்கில் வந்து இறங்கினான். ஊரே சிரிக்கிறது, என் மானம் போகிறது என்று சத்தம் போட்டான். அக்கா அப்போதுதான் மிஷினை நிறுத்தினார்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவ."

"ஆமா, சொல்லுவேன். அதுக்குத்தான் கேக்கணும். இது என் வூடு. இங்க நான் உயிரோட இருக்கேன். என் பொழப்பு இந்தச் சன்னல்ல இருக்கு."

அவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனான். அதன் பிறகுதான் அக்கா அழுதார். அழுதுகொண்டே ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டினார்.

அந்தப் படம் ஊர் முழுக்க வாட்ஸப்பில் சுற்றியது. அக்கா தலையோடு நிற்கும் பேனரைப் பார்க்கவே கூட்டம் வந்தது, துணி எடுக்க வரவில்லை. ராசாங்கம் தானே ஆள் அனுப்பிக் கழற்றிக்கொண்டார். வெட்டிய முகம் மட்டும் அக்காவிடம் தங்கிவிட்டது. அதைத் திருப்பிப் போட்டார், பின்பக்கம் வெள்ளை. என்னிடம் மார்க்கர் பேனா வாங்கி, ‘இங்கே குடியிருக்கிறேன். ஜாக்கெட் தைக்கப்படும்’ என்று எழுதிச் சன்னலுக்குக் கீழே கட்டினார். அத்தனை வருஷத்தில் அந்த மாடிக்கு முதல் போர்டு அது.

தீபாவளிக்கு முதல் நாள் சுரேஷ்குமார் வந்தான். வழக்கமாக விறுவிறுவென்று படியேறுகிறவன், தெருவிலேயே நின்று போர்டைப் படித்தான். கொஞ்சம் தயங்கிவிட்டு அண்ணாந்து பார்த்து, "அம்மா, மேல வரலாமா?" என்று கேட்டான்.

சன்னலில் அக்காவின் தலை தெரிந்தது. மகனை நன்றாக ஒருமுறை பார்த்தார். பிறகு விரலை ஆட்டினார். சுரேஷ்குமார் காய்கறி வாங்கப் போனான்.