சுருட்டுக் குடிக்கிற சாமியிடம் ஒரு வேண்டுதல்

போன கார்த்திகையில் என் வலது கால் பெருவிரல் கறுக்கத் தொடங்கியது. பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவன் நான். இப்போது கப்பலூரில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. நிற்பதுதான் பிழைப்பு. "சிகரெட்டால ரத்தக்குழாய் அடைச்சிருக்கு, விடலைன்னா விரல் போகும், அப்புறம் பாதமும் போகும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அந்தப் பயத்திலேயே இரண்டு சிகரெட் பிடித்தேன். அழுதுகொண்டேதான் பிடித்தேன்.

அவர் கொடுத்த நிகோடின் சூயிங்கத்தோடு மூன்று முறை விட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் தோற்றேன்.

யாரிடம் போய்க் கேட்பது? டி. கல்லுப்பட்டிப் பக்கம் இருக்கிற எங்கள் குலசாமி கருப்பசாமிக்குப் படையலே சுருட்டுதான். அவரிடமா சிகரெட்டை விட வை என்று கேட்பது? எனக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் தை மாதம் போனேன். படைத்த சுருட்டில் ஒன்றைப் பிரசாதமாகத் தந்தார்கள். பிரசாதத்தை மறுக்கலாமா? கோயிலுக்குப் பின்னால் போய்ப் பற்றவைத்துவிட்டேன்.

மச்சான் முறையான பூசாரி பார்த்துவிட்டார்.

"என்ன மாப்ள, விடணும்னு வந்துட்டு இம்புட்டு ஆசையா இழுக்குற?"

"பிரசாதம்ல மச்சான்."

"நல்லாருக்குடா நியாயம்! எப்பெப்ப கை தேடுது, அதைச் சொல்லு."

யோசித்தேன். அப்போதுதான் உறைத்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை! லடாக் பனியில் காவல் நிற்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று ஆள் வருவான். அவனிடம் பொறுப்பைக் கொடுத்ததும் ஒரு சிகரெட். கப்பலூர் வெயிலிலும் உடம்பு அதையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. என்ன அதிசயம் பாருங்கள்.

சுருட்டை அணைத்துவிட்டு சாமி முன்னால் போய் நின்றேன். "அய்யா, நீயும் காவக்காரன். இனி என்னைய மாத்திவிட நீ வா."

அதிலிருந்து கை தேடும்போதெல்லாம் சூயிங்கத்தை வாயில் போட்டுக்கொண்டு, "வா கருப்பா" என்பேன். முதல் வாரம் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். பிறகு ஒருநாள், நாலு மணி நேரம் கழிந்ததே தெரியவில்லை.

சித்திரையில் டாக்டரம்மா என் கையைப் பிடித்து என் பாதத்தின் மேல் வைத்தார். முன்பு துடிப்பே இல்லாத இடத்தில் லேசாக நாடி துடித்தது. "விரலை எடுக்க வேண்டாம்" என்றார்.

காப்பாற்றியது சூயிங்கமா, சாமியா என்று கேட்கிறார்கள். டாக்டரிடம் திரும்பப் போகும் புத்தியைத் தந்ததும் கருப்பசாமிதான் என்பேன்.

என்னைப் போல் பட்டாளத்தில் பழகிய அண்ணன்மாரே, தம்பிமாரே, சிகரெட்டை விட்டுவிட்டுத்தான் சாமியிடம் வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பாக்கெட்டோடே வாருங்கள். ஞாயிறு காலையில் கோயிலில்தான் இருப்பேன்.