வைக்கோலுக்கடியில் கிடந்த ஜீப்

கப்பலூரில் ஒரு பட்டறையைக் கடந்தபோது அடித்த பழைய கிரீஸ் வாடை, பேரையூர்ப் பக்கம் இன்று சுவடே இல்லாமல் போன ஒரு வைக்கோல் கொட்டகைக்கு என்னை இழுத்துப் போனது. பண்ணையார் வீட்டாரிடமிருந்து அப்பா நிலத்தை வாங்கியபோது அந்தக் கொட்டகையும் சேர்ந்தே வந்தது. எலிப்புழுக்கை நெடியும் கூரை ஓட்டைகளில் இறங்கும் வெயிலுமாகக் கிடந்த அதற்குள், வைக்கோலை அள்ள அள்ள ஒரு ஜீப் தெரிந்தது.

அம்மா உடனே அடையாளம் கண்டாள். அவள் சிறுமியாக இருந்தபோது பண்ணையாரின் அந்த ஜீப் வந்தால் எங்கள் ஆட்கள் வாய்க்காலுக்குள் இறங்கி நிற்க வேண்டும்.

"அது செத்த வண்டி. எடைக்குப் போட்டுரு," என்றார் வரப்பில் நின்ற பண்ணையார் மகன்.

மெக்கானிக்கான என் சித்தப்பா அடியில் படுத்து வண்டியின் இரும்புச் சட்டமான சேஸைத் தட்டிப் பார்த்தார். முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றியதும் எஞ்சின் முனகிக்கொண்டு அசைந்தது.

"துரு மேலோடதான் மதினி. கியர் பக்கத்துல ரெண்டு குட்டி லீவர் இருக்கு பாருங்க. நாலு வீலும் இழுக்கும், எம்புட்டுச் சேறுன்னாலும் போகும்."

"அப்ப ஓட்டுங்க தம்பி," என்றாள் அம்மா.

டயரும் பேட்டரியும் மாற்றி, கார்பரேட்டரைக் கழுவி, ஒரு மழைநாளில் கிளப்பினார்கள். அம்மா முன்சீட்டில் ஏறினாள்.

"எந்தப் பக்கம் மதினி?"

"பெரிய வீட்டுத் தெரு வழியா. மெதுவாப் போங்க."

எங்கள் ஆட்கள் யாரும் அதுவரை பண்ணையார் வீடு இருந்த அந்தத் தெருவில் வண்டியில் உட்கார்ந்து போனதில்லை. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு வாசலையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.