கிணறுகளின் முந்திய அளவீடுகள்

தொண்ணூறுகளின் நடுவில் மகளிடம் பலெர்மோவுக்கு வந்தபோது நான் ஏற்கெனவே ஓய்வு பெற்றிருந்தேன். ஊரில் ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் வேலை. எந்தக் கடிதம் எந்த மேசைக்குப் போய், அங்கே எவ்வளவு காலம் தூங்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்த அறிவு இத்தாலியிலும் வீண்போகவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் சீசா என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் எந்த யன்னலில் நிற்பது என்று கேட்பார்கள். சொல்லிக் கொடுப்பேன். யன்னல் பூட்டியிருந்தால் அது என் பிழையல்ல.

அப்படி வருகிறவர்களில் ஒருவர் எங்கள் பல்கலைக்கழகத்தில் இரசாயன விரிவுரையாளராக இருந்தவர். இங்கே படுக்கையில் கிடந்த ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவைப் பராமரித்து வந்தார். ஊரில் பல வருடங்களாகச் சைக்கிளில் போத்தல்களைக் கட்டிக்கொண்டு கிணறு கிணறாகப் போனவர். தோட்டங்களுக்குப் போடும் உரத்திலிருந்து நைத்திரேற்று எவ்வளவு குடிதண்ணீரில் இறங்கியிருக்கிறது என்று அளந்தார். அது கூடினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. அந்த வேலையைப் பற்றி அவர் எழுதிய ஒரே கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பெர்மெசோ பற்றிக் கேட்க வரவில்லை. அவருடைய இடத்துக்கு வந்திருந்த பெண் விரிவுரையாளர் ஊரிலிருந்து எழுதியிருந்தார். அதே கிணறுகளைத் திரும்ப அளக்கப் போகிறாராம். யுத்தத்தில் சஞ்சிகைகள் வருவது நின்றுவிட்டது, சேரின் கட்டுரையில் ஒரு பிரதி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

"என்னட்டை ஒரு கொப்பியும் இல்லை அண்ணை. இடம்பெயரேக்கை எல்லாம் விட்டிட்டு வந்தனான்."

"லைப்ரரிக்கு ஒண்டு குடுக்கேல்லையோ?"

"ஆர் கேட்டவை?"

ஒருவரும் கேட்கவில்லைதான். ஆய்வுப் பட்டத்துக்கான ஏட்டை நூலகத்தில் ஒப்படைக்க எங்களிடம் விதி இருந்தது. விழாவுக்கு இரவல் போன கதிரையைத் திருப்பி ஒப்படைக்கவும் விதி இருந்தது. கட்டுரைக்கு இருக்கவில்லை.

"அப்ப சஞ்சிகைக்காரரைக் கேளும். நீர் எழுதினதுதானே."

"உரிமை அவையளுக்கு எண்டு கையெழுத்து வைச்சுக் குடுத்தனான். இப்ப எனக்கே விலை சொல்லுறாங்கள்."

"என்னத்துக்கு வைச்சனீர்?"

"என்ன கதை கதைக்கிறியள்? வெளிநாட்டிலையிருந்து வந்த கடிதம். வாசிச்சே பாக்கேல்லை. டீனிட்டைக் கொண்டுபோய்க் காட்டினனான், தேத்தண்ணி வாங்கித் தந்தவர்!"

எங்கள் பக்கத்தில் அது அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து கையெழுத்துக் கேட்டு வந்தால் அது கௌரவம். எதை எழுதிக் கொடுக்கிறோம் என்று பார்ப்பது மரியாதைக் குறைவு. சம்பளமும் போத்தலும் பல்கலைக்கழகம் கொடுக்கும். வந்த கட்டுரையைச் சரிபார்ப்பவரும் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்துக்காரர்தான், அதற்கு அவருக்குக் கூலி இல்லை. பிறகு அதே பல்கலைக்கழகங்கள் அதைக் காசு கொடுத்து வாங்கும். இந்த ஏற்பாட்டை அங்கீகரித்த கூட்டங்கள் பலவற்றுக்கு நானே குறிப்பெடுத்திருக்கிறேன்.

சிஞ்ஞோராவின் மகள் வந்து பார்த்துக்கொண்ட ஒரு வியாழக்கிழமை இருவரும் நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத் துறை நூலகத்துக்குப் போனோம். நூலகர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த ஒரு பெண். சஞ்சிகையின் பெயரைக் கேட்டதுமே இல்லையென்று தலையை ஆட்டினார்.

"விலை ஏற்றிவிட்டார்கள், நிறுத்திவிட்டோம். இத்தாலியின் வடக்கே ஒரு நூலகத்தில் இருக்கும், கேட்டுப் பார்க்கலாம். மாதக்கணக்கில் ஆகும். அவசரமென்றால் கட்டுரையாசிரியருக்கே ஒரு தபாலட்டை போடுங்கள். அநேகமாக இலவசமாக அனுப்புவார்கள்."

"சிஞ்ஞோரா, அந்த ஆசிரியர் நான்தான்," என்றார் நண்பர்.

நூலகர் கண்ணாடியைக் கீழே இறக்கி எங்கள் இருவரையும் பார்த்தார். சிரிக்கவில்லை. வடக்குக்கான கோரிக்கையைத் தன் பெயரிலேயே எழுதினார். பௌதிகக்காரர்கள் தங்கள் கட்டுரைகளைக் கணினியில் எவரும் வாசிக்கும்படி போடத் தொடங்கிவிட்டார்கள் என்றும், இங்கேயும் அப்படிச் செய்யலாமா என்று ஆராயக் குழு போட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். குழு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன்: "அட்டை போடுவமோ தம்பி? பதில் கெதியா வரும்."

"போங்கோ அண்ணை, உங்களுக்கு எப்பவும் பகிடி."

மாதங்கள் போய் ஒரு வருடமும் தாண்டியது. வடக்கிலிருந்து எதுவும் வரவில்லை. முதலில் வந்தது ஊரிலிருந்துதான். அந்தப் பெண்ணின் கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகையில் அச்சாகிவிட்டது. கொழும்புக்கு வந்த யாரிடமோ கொடுத்து ஒரு பிரதியைத் தபாலில் சேர்ப்பித்திருந்தார். முகப்பில் 'சேருக்கு, அன்புடன்' என்று எழுதியிருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு வசனம்: இந்தக் கிணறுகளுக்கு முந்திய அளவீடுகள் எவற்றையும் பெற முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. "உம்மடை பேரைக்கூடப் போடேல்லை!"

"வாசிக்காததை எப்பிடி அண்ணை போடுறது? நேர்மையான பிள்ளை." பிரதியை மடித்து உறைக்குள் வைத்தார். "என்ரை சைக்கிள் ரயர் எத்தினை தேஞ்சது," என்றார்.

சில வாரங்களில் நூலகர் ஆளனுப்பினார். வடக்கிலிருந்து நிழற்பிரதி வந்திருந்தது. நண்பர் அதை எங்கள் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்து, அந்தப் பெண்ணின் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்தார். பல்லரோ சந்தையில் வாங்கிய மீனை மகள் அப்போது கழுவிக்கொண்டிருந்தாள். அவர் கிணறுகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, விரலை இந்தத் தாளிலிருந்து அந்தத் தாளுக்கு நகர்த்தினார். கோயிலடிக் கிணறு. பள்ளிக்கூடக் கிணறு. வெங்காயத் தோட்டத்துக் கிணறு.

"எல்லாம் கூடியிருக்கு," என்றார். "பள்ளிக்கூடத்திலை இனிக் குடிக்கவே கூடாது."

"நீரே சஞ்சிகைக்கு எழுதி அனுப்பும் ஒரு குறிப்பு."

"எந்தப் பல்கலைக்கழகம் எண்டு போடுறது? சிஞ்ஞோராவின்ரை விலாசத்தையோ?"

எனக்குத் தெரிந்த நடைமுறைகள் எதிலும் அதற்கு வழி இருக்கவில்லை. கடைசியில் நிழற்பிரதியோடு தன் கையால் ஒரு கடிதம் எழுதி அந்தப் பெண்ணுக்கு அனுப்பினார். பள்ளிக்கூடக் கிணற்றை மூடச் சொல்லும்படி அதிலே கேட்டிருந்தார். கொழும்பு தாண்டிப் போகும் தபால் அந்த வருடங்களில் பாதையைப் பொறுத்தது. யுத்தத்தால் பாதை திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வரும்போதெல்லாம் பதில் வந்ததா என்று நான் கேட்க வாயெடுப்பேன். கேட்க முதலே அவர் இல்லையென்று தலையாட்டிவிடுவார். பிள்ளைகள் அந்தத் தண்ணீரைக் குடித்தார்களா, இல்லையா என்பது எங்கள் இருவருக்கும் தெரியவரவில்லை.