பொலித்தீனுக்குள் ஒரு பம்ப்

போன மாதம் எங்கள் வயல் கண்டத்து விவசாயக் குழுத் தலைவர் வீட்டு முற்றத்தில் நல்ல கூத்து. ஆறேழு ஆண்கள் மாறி மாறி ஒரு டீசல் பம்ப்பின் ஹேண்டிலைப் பிடித்துச் சுற்றினார்கள். பம்ப் ஒரு தரம் இருமியது. பிறகு அதுவும் இல்லை.

விஷயம் சின்னதல்ல. வாய்க்காலில் தண்ணீர் வரத்து நின்றுவிட்டது. என் மச்சான் ஆதம்பாவாவின் காணி மேட்டுக் காணி. நெல் வேளாண்மை குடலை முற்றி, கதிர் தள்ள நிற்கிறது. இந்த நேரத்தில் தண்ணீர் இல்லையென்றால் வருவது நெல் அல்ல – பதர். வடிச்சல் ஓடையில் தண்ணீர் கிடக்கிறது. ஏற்றி விடத்தான் பம்ப் வேண்டும்.

பம்ப்தான் இருக்கிறதே! குழுவின் பொதுப் பம்ப். தலைவர் ஹாஜியாரின் விறாந்தையில் பொலித்தீன் சுற்றி, கயிறு கட்டி, மேலே நோன்புக் கஞ்சிக் கிடாரத்தையும் கவிழ்த்து வைத்திருந்தார். யார் கேட்டுப் போனாலும் ஒரே பதில்.

"பாவிச்சாத்தான் தம்பி பழுதாப் போகும். அவசரத்துக்கு வேணுமே, கிடக்கட்டும்."

விருந்தாளி வந்தால் மட்டும் பொலித்தீன் அவிழும். ஸ்டார்ட் பண்ணுவார். "சத்தத்தக் கேட்டீங்களா? இன்னம் புதுசு!" என்பார். தேத்தண்ணீர் ஆறுவதற்குள் நிறுத்திவிடுவார்.

சரி, அவசரம் வந்துவிட்டது. பம்ப் வரவில்லை.

"உள்ளுக்கு டீசல் கிடக்கா ஹாஜியார்?" என்றான் ஆதம்பாவா.

"ஓம், ஓம். வாங்கின அண்டைக்கு ஊத்தின டீசல் அப்பிடியே கிடக்கு" – பெருமையோடு சொன்னார்!

தாங்கியின் அடியைத் திறந்தார்கள். முதலில் வந்தது தண்ணீர். பிறகு களி மாதிரி ஒன்று வழிந்தது.

"இதென்ன ஹாஜியார், பலூடாவா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேட்ட ஆதம்பாவா சிரிக்கவில்லை.

"யாரோ தண்ணி ஊத்திட்டான்கள். இத்தின பேருட கண்ணூறு பட்டா இரும்பு தாங்குமா?" என்றார் ஹாஜியார்.

யாரும் ஊற்றவில்லை. அரைத் தாங்கி டீசல், மிச்சம் காற்று. அதுவும் நம்முடைய கடற்கரைக் காற்று. பகலில் சூடு, இரவில் குளிர்... தாங்கி உள்ளுக்குள் வியர்க்கிறது. வியர்வை அடியில் இறங்குகிறது. பொலித்தீனுக்குள்ளும் அதே வியர்வைதான். அங்கே துரு.

எப்போதாவது பாவிக்கும் இயந்திரம் என்ன கேட்கிறது? தாங்கியை விளிம்பு வரை நிரப்பி வையுங்கள். அடியில் சேரும் தண்ணீரை வடித்து விடுங்கள். கறுத்த ஒயிலை மாற்றிவிட்டு ஓயப் போடுங்கள். மூடுவதென்றால் காற்றுப் போக இடம் விட்டு மூடுங்கள். மாதத்தில் ஓரிரு தரம் ஓட விடுங்கள் – விருந்தாளி கேட்பதற்காக அல்ல, தண்ணீர் இறைத்து, உடம்பு நன்றாகச் சூடேறும் வரை. சூடேறாமல் நிறுத்தினால் ஈரமும் கரியும் உள்ளேயே தங்கிவிடும்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டுமா? நான் படித்ததே கொஞ்சம். பம்ப்போடு வந்த புத்தகத்தில் படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். ஹாஜியார் அதையும் பொலித்தீனில் சுற்றித்தான் வைத்திருக்கிறார். விரித்தால் கிழிந்துவிடுமாம்!

கூட்டத்தில் எழும்பிக் கதைக்க எனக்கு வாய் வராது. அதனால்தான் இங்கே கதைக்கிறேன்.

கடைசியில், பக்கத்துக் காணிக்காரர் காரைதீவுத் தம்பிராசா தன் பம்ப்பை இரண்டு சக்கர லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்தார். பெயின்ட் உரிந்த பம்ப். சைலன்சரைக் கம்பியால் கட்டியிருந்தார்.

"பாத்துச் சிரிக்காதீங்க காக்கா" என்று ஹாஜியாரிடம் சொன்னபடியே ஹேண்டிலைச் சுற்றினார். பிடித்துக்கொண்டது.

ஆதம்பாவாவின் காணியில் பள்ளப் பக்கம் பிழைத்தது. மேட்டுப் பக்கம் தண்ணீர் ஏறப் பிந்திவிட்டது. நேற்றுப் போய்ப் பார்த்தேன். கதிர் வந்திருக்கிறது... வெள்ளையாக, விறைத்து நிமிர்ந்து. உள்ளே மணி இருந்தால்தானே குனியும்? மச்சான் வரம்பில் நின்று ஒரு கதிரை நசுக்கிப் பார்த்தான். வெறும் பதர்.

குழு சும்மா இருக்குமா? கூடியது. கண்ணூறுதான் காரணம் என்று ஒருமனதாக முடிவானது. இனி விருந்தாளிக்கும் காட்டுவதில்லையாம். பழுது பார்க்கவில்லையா என்று கேட்கிறீர்களா? பாவிக்கப் போவதில்லையே, எதற்கு?

பம்ப்பைக் கழுவித் துடைத்தார்கள். புது உறை தைத்தார்கள். நல்ல வெள்ளைத் துணி, அடக்கம் பண்ண எடுக்கும் கபன் மாதிரி. தலைமாட்டில் ஒரு முடிச்சு, கால்மாட்டில் ஒரு முடிச்சு.

அத்தர் பூசத்தான் மறந்துவிட்டார்கள்.